கேம்பர் டிரெய்லரின் பின்பக்க ஜாக்கிகள் தரையில் உரசுகின்றன. அவற்றை இன்னும் மேலே ஏற்றிப் பொருத்தலாமா?

ஏற்றலாம். ஆனால் ஸ்பானரை எடுப்பதற்கு முன், அவை ஏன் அவ்வளவு தாழ்வாகத் தொங்குகின்றன என்று வண்டிக்கு அடியில் படுத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். அப்படிப் பார்க்காமல் இரண்டு விடுமுறை நாள்களைப் பாழாக்கியவன் என்ற உரிமையில் சொல்கிறேன். உங்களிடம் இருப்பது, காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் தங்கும் வண்டியை நிறுத்திய இடத்தில் ஆடாமல் பிடிக்கிற, கைப்பிடியால் சுற்றினால் கத்தரிபோல் விரிந்து மடங்கும் கத்தரி ஜாக்கி என்றே எடுத்துக்கொள்கிறேன். ஹைட்ராலிக் ஜாக்கியில் கால் முழுதாக மேலேறாமல் நிற்பதற்குப் தளர்ந்துபோன ஸ்பிரிங் போன்ற வேறு காரணங்கள் இருக்கும் என்பதால், அது வேறு கதை.

என் டிரெய்லர் சாலையிலிருந்து மேடான வழியில் திரும்பி ஏறும்போதெல்லாம் வால்பகுதி தாழ்ந்து, வலப்பக்க ஜாக்கியின் பாதத்தட்டு கரகரவென்று இழுபடும். சக்கர அச்சிலிருந்து எவ்வளவு பின்னால் ஜாக்கி இருக்கிறதோ அவ்வளவுக்கு அது தரையை நெருங்கும் என்பது தெரிந்ததுதான். ஆனால் இடப்பக்க ஜாக்கி அதே தொலைவில் இருந்தும் உரசவில்லை என்பதை நான் கவனிக்கவே இல்லை. ஒருநாள் அந்தத் தட்டின் முனை நாக்கைப் போல மடங்கிக்கொண்ட பிறகுதான் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்துவிட்டு, வண்டியைக் காரிலிருந்து கழற்றாமலே அடியில் நுழைந்தேன். (ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு அடியில் நுழையாதீர்கள்.)

வலப்பக்க ஜாக்கியின் திருகுத்தண்டு முழுவதும் சேறு காய்ந்து, மரைகளுக்கு நடுவே சுண்ணாம்பு பூசியதுபோல் இறுகிக் கிடந்தது. கைப்பிடி சுற்ற மறுத்ததும் ஜாக்கி முழுதாக மடங்கிவிட்டது என்று நான் இத்தனை மாதங்களாக நினைத்துக்கொண்டிருந்தேன்; உண்மையில் அது பாதி வழியிலேயே சிக்கி நின்றிருக்கிறது. கம்பித் தூரிகையால் தேய்த்து, மண்ணை ஒட்டவைக்கும் கிரீஸுக்குப் பதிலாக உலர் மசகைத் தெளித்துச் சுற்றியபோது, அது முனகிக்கொண்டே இன்னும் ஒன்றரை அங்குலம் மேலேறியது. ஒரு துளைகூடப் போடாமல் கிடைத்த இடைவெளி அது.

அதோடு, சேசிஸுக்கும் (வண்டியின் அடிச்சட்டம்) ஜாக்கிக்கும் நடுவே 2 அங்குலச் சதுரக் குழாய் ஒன்றைப் பழைய உரிமையாளர் யாரோ செருகியிருந்தார். ஜாக்கி சீக்கிரம் தரையைத் தொட்டால் கைப்பிடியைக் குறைவாகச் சுற்றினால் போதும் என்ற சோம்பல்தான் காரணமாக இருக்க வேண்டும். அதைக் கழற்றிவிட்டு ஜாக்கியை நேரடியாகச் சேசிஸில் பூட்டினேன். மேலே ஏற்றிய 2 அங்குலமும் கீழே எட்டும் தொலைவில் குறையும் என்பதால், இப்போது தங்கும் இடத்தில் ஜாக்கியின் பாதத்துக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைக்கிறேன். மென்மையான மண்ணில் அதை எப்படியும் வைக்கத்தானே வேண்டும்?

இவ்வளவுக்குப் பிறகும் செங்குத்தான ஓர் ஏற்றத்தில் வால் உரசியது. சமதளத்தில் நிறுத்தி, சேசிஸின் முன்முனையிலும் பின்முனையிலும் தரைவரை அளந்து பார்த்தபோதுதான், வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்பது தெரிந்தது. டிரெய்லரை மாட்டும் காரின் கொக்கி உருண்டை வேண்டியதைவிட உயரமாக இருந்தது. கொக்கியிலிருந்து அச்சுக்கு 4 மீட்டர், அச்சிலிருந்து ஜாக்கிக்கு 2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், கொக்கியை 3 அங்குலம் இறக்கினால் ஜாக்கி இருக்கும் இடம் ஒன்றரை அங்குலம் உயரும். இரட்டை அச்சு வண்டிகளில் கணக்கு இவ்வளவு நேராக வராது என்று யாரேனும் திருத்த வருமுன் நானே சொல்லிவிடுகிறேன். என்னுடையது ஒற்றை அச்சு.

ஜாக்கியைக் கழற்றித் தூக்கி எறிந்துவிடு, அல்லது ஸ்பிரிங் பட்டையை அச்சுக்கு மேலே மாற்றி வண்டியையே உயர்த்திவிடு என்று உங்களுக்கும் சிலர் சொல்லியிருப்பார்கள். பட்டையை மாற்றினால் இடைவெளி கூடும் என்பதை நான் மறுக்கவில்லை; ஆனால் புவியீர்ப்பு மையமும் சேர்ந்து உயரும், கொக்கியின் உயரத்தையும் மறுபடி சரிசெய்ய வேண்டியிருக்கும். ஒரு ஜாக்கிக்காக இவ்வளவு வேலையா என்பது என் எண்ணம். எனக்கு உண்மையில் எரிச்சலூட்டுவது பெயர்தான். ஜாக்கி என்று அழைப்பதாலேயே அதை வைத்து வண்டியைத் தூக்கப் பார்க்கிறார்கள். இந்தக் கத்தரி வகை பெரும்பாலும் ஆட்டத்தை நிறுத்துவதற்கு மட்டுமே. பாரம் தூக்கினால் ஜாக்கி வளையும், சில சமயம் சேசிஸும் வளையும்.

இவற்றையெல்லாம் பார்த்த பிறகும் ஜாக்கியை ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால், ஏற்கெனவே உள்ள துளைகளையே முதலில் பயன்படுத்துங்கள். புதிய துளை போட நேர்ந்தால் சேசிஸின் கீழ் விளிம்பை விட்டுவிட்டு நிமிர்ந்த பக்கத்தின் நடுப்பகுதியில் போடுங்கள், ஏனெனில் வளைவதால் வரும் விசை விளிம்பில்தான் அதிகம். வெல்டிங் வைப்பதாக இருந்தால் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, உள்பக்கம் ஓடும் வயர்களையும் எரிவாயுக் குழாயையும் எங்கே இருக்கின்றன என்று பார்த்த பிறகே தொடங்கச் சொல்லுங்கள்.