பச்சக் கொழந்த குடலும் லேப் ரிப்போர்ட்டும்: கேள்வி-பதில்

கொழிஞ்சாம்பாறை, ஒரு அப்பா: டாக்டர், பையன் 30 வாரத்துலயே பொறந்துட்டான், 1.2 கிலோ. வயிறு உப்பிருச்சுன்னு பால நிறுத்திட்டாங்க, நெக்னு, அதாவது கொறமாசக் கொழந்தைக்கு குடல் வீங்கி அழுகற நோயின்னு, சந்தேகமாம். சிஆர்பி நார்மல்னு வந்திருக்கே, அப்புறம் எதுக்குங்க பட்டினி போடணும்?

நிறுத்துனது சரிதான் தம்பி. சிஆர்பிங்கறது ஒடம்புல வீக்கமோ கிருமியோ இருந்தா ரத்தத்துல ஏறற புரோட்டீன், அது குடல் செய்யறது இல்ல, கல்லீரல் செய்யறது, குடல்ல புண்ணுன்னு சேதி போயி கல்லீரல் அத உண்டாக்கி ரத்தத்துல தெரியற அளவுக்கு வர்றதுக்கே பல மணி நேரம் ஆயிரும், அதனால மொத சிஆர்பி நார்மல்னு வந்தா நிம்மதியா உக்கார முடியாது, 12-24 மணி நேரம் கழிச்சு மறுபடி எடுக்கறதுதான் கணக்கு. அப்ப ஏறியிருந்தாலும் நெக்தான்னு சொல்லிர முடியாது, ரத்தத்துல கிருமி இருந்தாலும் ஏறும். பிளேட்லெட் எறங்குதா, ரத்தத்துல அமிலம் கூடுதா, ஆக்சிஜன் பத்தாம திசு தவிக்கறப்ப கூடற லாக்டேட் ஏறுதான்னு எல்லாத்தையும் சேத்துதான் பாப்பாங்க. எக்ஸ்ரேல குடல் சுவத்துக்குள்ளயே காத்து தெரிஞ்சுட்டா இந்த நம்பர் எதுக்காகவும் யாரும் காத்திருக்க மாட்டாங்க. 1978ல பெல்லுங்கற டாக்டர் நெக் எவ்வளவு முத்தியிருக்குன்னு பிரிச்சுப் போட்டுக் குடுத்த ஸ்டேஜ்தான், கொஞ்சம் திருத்தி, இன்னைக்கும் ஓடுது, அதுல வயிறும் எக்ஸ்ரேயும்தான் பெருசு.

ஒண்ணு மட்டும், அம்மாவ பால் பீச்சறத நிறுத்த வேண்டாம்னு சொல்லுங்க. திரும்ப ஆரம்பிக்கறப்ப தாய்ப்பால்தான் வேணும்.

வேலந்தாவளம், ஒரு அம்மா: பாப்பாவுக்கு ஒரு மாசம், நெற மாசத்துல பொறந்தவ. மோஷன்ல கால்ப்ரொடெக்டின் 240, ரிப்போர்ட்ல பக்கத்துல 'ஹை'ன்னு அடிச்சிருக்கு. ராத்திரி தூக்கமே இல்லைங்க.

பால் நல்லா குடிக்கறா, எடை ஏறுது, மோஷன்ல ரத்தம் இல்லைனா தூங்குங்க அம்மணி. கால்ப்ரொடெக்டின் குடல்ல வீக்கம் இருந்தா மோஷன்ல கூடற புரோட்டீன், ரிப்போர்ட்ல அதுக்குப் போடற 50ங்கற லிமிட் பெரியவங்களுக்கானது, அதையே கொழந்தைக்கும் அச்சடிச்சு குடுத்துடறாங்க, எனக்கு இதுல ரொம்ப எரிச்சல். மொத சில மாசத்துல ஆரோக்கியமான கொழந்தைக்கே 200 தாண்டறது சாதாரணம். இந்த டெஸ்ட யாரு, எதுக்கு எழுதுனாங்கன்னுதான் எனக்குப் புரியல.

கோபாலபுரம்: ஐ-எஃப்ஏபிபின்னு யூரின் டெஸ்ட் இருக்காமே, கோயமுத்தூர்ல எடுக்கலாமா?

குடல் சேதத்தக் காட்டறதுல நல்ல மார்க்கர்தான். குடலோட உள் சுவத்து செல்லுக்குள்ள இருக்கற சின்ன புரோட்டீன், செல் ஒடஞ்ச ஒடனே ரத்தத்துக்கு கசிஞ்சு சீக்கிரமே கிட்னி வழியா யூரின்ல வந்துரும், ஊசி குத்தாமயே எடுத்துரலாம். ஆனா இன்னும் ஆராய்ச்சில பொழங்கற டெஸ்ட்தான், வாளையாறுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ அதுக்காக அலையாதீங்க.

கொல்லங்கோடு: பொறந்து ரெண்டு நாள், பச்சையா வாந்தி எடுக்குது. எந்த டெஸ்ட் மொதல்ல?

டெஸ்ட் எல்லாம் அப்புறம், இப்பவே வண்டிய எடுங்க, கொழந்தைங்களுக்கு சர்ஜரி பண்ற ஆஸ்பத்திரிக்கு. குடல் முறுக்கிட்டிருந்தா ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

மீனாட்சிபுரம், ஒரு சித்தப்பா: அண்ணன் கொழந்தைக்கு நெக்ல பாதி குடல எடுத்துட்டாங்க. சிட்ருலின் பாக்கணுங்கறாங்க, அது என்னங்க?

சிறுகுடல் செல்லு செய்யற அமினோ அமிலம், குடல் எவ்வளவு வேலை செய்யுதோ அவ்வளவு ரத்தத்துல இருக்கும். ஒரு ரிசல்ட்ட வெச்சு பயப்படாதீங்க, அப்பப்ப எடுத்து ஏறிட்டே வருதான்னு பாருங்க, ஏறுனா டிரிப்ல போற சத்த கொறச்சு பால கூட்டலாங்கற நம்பிக்கை வரும். கிட்னி சரியில்லைனா சிட்ருலின் பொய்யா கூடிக் காட்டும், அதனால கிரியாட்டினினையும் பக்கத்துல வெச்சே படிக்கச் சொல்லுங்க.