புதிய வணிக மென்பொருளைக் கற்க மறுக்கும் மூத்த ஊழியர்களை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

அலுவலகத்தில் மென்பொருளை மாற்றுகிறோம், அனுபவம் மிகுந்தவர்களே அதிகம் முரண்டு பிடிக்கிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி முரண்டு பிடித்தவர்களில் நானும் ஒருவன் என்பதால், அந்தப் பக்கத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

கணக்குப் பிரிவில் நான் இருந்தபோது புதிய மென்பொருள் வந்தது. பயிற்சி வகுப்பில் தலையாட்டிவிட்டு, பகலெல்லாம் என் பழைய எக்செல் கோப்பிலேயே எழுதி, மாலையில் அதைப் பார்த்துப் புதியதில் பதிந்துகொண்டிருந்தேன். வேலை இரட்டிப்பானபோதும் நான் அதை விடவில்லை. அதற்குக் காரணம் சோம்பல் அன்று. பழைய முறையில் எந்தப் பிழை எங்கிருந்து முளைக்கும் என்பது எனக்கு அத்துப்படி, சந்தேகம் என்றால் எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள். புதியதிலோ நேற்றுச் சேர்ந்தவரும் நானும் ஒன்று. இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, "இது ரொம்ப மெதுவாக இருக்கிறது" என்றுதான் சொல்வோம். (சில நேரம் உண்மையிலேயே மெதுவாகத்தான் இருக்கும்; பக்கத்தில் உட்கார்ந்து பார்க்காமல் அந்தப் புகாரை ஒதுக்கிவிடாதீர்கள்.)

கைப்பழக்கத்தின் வலிமையை மென்பொருள் நிறுவனங்களே அறிந்திருக்கின்றன. 1983இல் வந்த லோட்டஸ் 1-2-3 என்ற, எக்செல் போன்ற மென்பொருளில் சாய்கோட்டு (/) விசையை அழுத்தினால் மெனு வரும். அதில் ஊறியவர்களைத் தன் பக்கம் இழுக்க எக்செலும் அதே விசையை ஏற்றுக்கொண்டது. நீங்களும் அந்த வழியில், பழைய வேலையின் ஒவ்வொரு படிக்கும் புதியதில் எது நிகர் என்று ஒரு பட்டியல் தயாரியுங்கள். அதை எழுதும் பொறுப்பை, அதிகம் எதிர்ப்பவரிடமே கொடுங்கள். என்னிடம் அப்படித்தான் கொடுத்தார்கள். பட்டியலை முடிப்பதற்குள் மென்பொருளின் பெரும்பகுதியை நான் கற்றிருந்தேன், சந்தேகம் கேட்பவர்களும் மறுபடி என் மேசைக்கு வரத் தொடங்கினார்கள்.

அந்தப் பட்டியலை எழுத எனக்குப் பயிற்சிக்கென்று புதிய மென்பொருளின் ஒரு நகல் தந்திருந்தார்கள். அதில் ஒரு பில்லைத் தவறாகப் போட்டு அழித்தாலும் யார் கணக்கும் கெடாது என்ற நிம்மதியில்தான் பொத்தான்களை அழுத்திப் பார்க்கும் துணிவு வந்தது. தொடக்கத்தில் எல்லா வசதிகளையும் திறந்து விடவும் வேண்டாம். ஐபிஎம் கணினி நிறுவனத்தின் ஆய்வாளர்களான ஜான் கேரலும் கேரிதர்ஸும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், சிக்கலான கட்டளைகளைப் பூட்டி வைத்த சொற்செயலியில் பயின்ற புதியவர்கள், முழு வசதிகளோடு பயின்றவர்களைவிட விரைவாக வேலையை முடித்தார்கள்.

பழைய முறைக்கு ஒரு முடிவுத் தேதி குறிக்க வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். எங்கள் அலுவலகத்தில் மாத முடிவுக் கணக்கு இரண்டிலும் ஒத்துவந்த மறுநாள், பழைய கோப்பைப் பார்க்க மட்டுமே முடியும்படி மாற்றினார்கள். அதன்பின் இரண்டு வாரம் அதைத் திறந்து திறந்து பார்த்தேன், பிறகு திறக்கவில்லை.