வீட்டில்தானே இருக்கிறோம் என்று மூத்த குழந்தையை டே கேரிலிருந்து நிறுத்தலாமா?

இரண்டாவது பிரசவத்துக்கு 26 வாரம் விடுப்பு, மூத்தவளுக்கு மூன்றரை வயது, அந்த ஆறு மாதமும் டே கேரிலிருந்து நிறுத்திவிட்டால் பணமும் மிச்சம், அவளும் நம்மோடு இருப்பாள், இது சரிப்படுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அதைத்தான் செய்தேன். சரிப்படவில்லை. ஐந்தாவது வாரமே மறுபடி கொண்டுபோய் விட்டேன்.

என் கணக்கும் உங்கள் கணக்கேதான். மாதம் 7,500 ரூபாய், ஆறு மாதத்துக்கு 45,000. சும்மா வீட்டில் இருக்கிறவள் எதற்கு அதைக் கட்ட வேண்டும்? ‘சும்மா’ என்று நினைத்ததுதான் தப்பு. பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை பால் குடிக்கும். ஒரு தடவைக்கு அரை மணி நேரம் என்று வைத்தாலே நாலிலிருந்து ஆறு மணி நேரம் உட்கார்ந்த இடத்தில் போய்விடுகிறது. அப்புறம் ஏப்பம் விடவைக்க வேண்டும், துணி மாற்ற வேண்டும், தூளி ஆட்ட வேண்டும். எனக்கு சிசேரியன் வேறு. கைக்குழந்தையின் எடைக்கு மேல் எதையும் ஆறு வாரத்துக்குத் தூக்காதே என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். என் பெரியவன் 14 கிலோ. “அம்மா தூக்கு” என்று அவன் கையை நீட்டும்போதெல்லாம் இல்லை, முடியாது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பகல் முழுக்க வீட்டில் இருந்ததால் அந்த ‘முடியாது’ அவன் காதில் விழுந்த தடவையும் அதிகம்.

ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும், படுத்தபடியே பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். சமையலறை அலமாரியிலிருந்து தன் நீல டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து கட்டில் ஓரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். டப்பாவில் ஒன்றும் இல்லை. மூடியைத் திறக்காமல் “இன்னும் மணி அடிக்கலியாம்மா?” என்றான். டே கேரில் பத்து மணிக்கு ஆயா மணி அடிப்பார், அதற்கப்புறம்தான் எல்லாரும் டப்பாவைத் திறப்பார்கள். என்னோடு இருக்கட்டும் என்று நிறுத்தினேனே, அவனுக்கென்று இருந்த மணி, ஆயா, பக்கத்தில் உட்காரும் பையன் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. ராத்திரி படுக்கையை நனைப்பதை விட்டு ஒரு வருஷம் ஆனவன், அந்த வாரங்களில் மறுபடி நனைக்க ஆரம்பித்திருந்தான். (தம்பி தங்கை வந்த வீட்டில் இது சகஜம், திட்டாதீர்கள், தானாகச் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னார். ஆனது.)

அம்மா கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார்கள். முதல் பிரசவத்துக்கு நான் அங்கே போய் மூன்று மாதம் ராணி மாதிரி இருந்தேன். இரண்டாவதுக்கு அம்மா இங்கே சென்னைக்கு வந்தார்கள். பத்தியச் சமையல், குழந்தையைக் குளிப்பாட்டி சாம்பிராணி காட்டுவது என்று அவர்களுக்கே இடுப்பு ஒடியும் வேலை. இதில் பெரியவன் பின்னாலும் ஓடு என்றால் எப்படி? “ஏண்டி, அவனை அனுப்பிடேன், பாவம் அவனும் எத்தனை நேரம் இந்த நாலு சுவரையே பார்ப்பான்” என்று முதலில் சொன்னதே அம்மாதான். எதிர்வீட்டு ஆன்ட்டிதான் “நீதான் வீட்ல இருக்கியே, எதுக்குப் புள்ளைய அனுப்புற” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கேட்கட்டும்.

மறுபடி அனுப்பியபோது முழு நாள் இல்லை, காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டரை வரை மட்டும். பணமும் 4,500 ஆகக் குறைந்தது. உங்களுக்கும் நான் சொல்வது இதுதான்: நிறுத்தாதீர்கள், நேரத்தைக் குறையுங்கள். அந்த மூன்றரை மணி நேரத்தில் நான் குளித்தேன், ஒரு தூக்கம் போட்டேன். அவன் வந்ததும் சாப்பாடு ஊட்டுவது நான்தான், பாப்பாவை அம்மா பார்த்துக்கொள்வார்கள். ஒரு மணியிலிருந்து இரண்டு வரை அவனுக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டேன், போனைக்கூடத் தொடுவதில்லை. நாள் முழுக்க ஒரே வீட்டில் இருந்தபோது கிடைக்காத அம்மா அந்த ஒரு மணி நேரத்தில் அவனுக்குக் கிடைத்தாள். நிறுத்தித்தான் ஆக வேண்டும், இடம் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் பிரசவத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்னாலேயே செய்துவிடுங்கள். பாப்பா வந்த அதே வாரத்தில் செய்தால், பாப்பாவால்தான் தன்னை அனுப்பினார்கள் என்று அந்தக் குழந்தை முடிவு கட்டிவிடும்.

ஒரு பயம் நியாயமானது. டே கேரிலிருந்து சளியும் காய்ச்சலும் வீட்டுக்கு வரும். எங்களுக்கும் வந்தது, பாப்பாவுக்கு ஏழாவது வாரத்தில் மூக்கடைப்பு. வீட்டுக்குள் நுழைந்ததும் கை கழுவி, சட்டை மாற்றிய பிறகுதான் பாப்பா பக்கம் போகலாம் என்று சட்டம் போட்டோம். பெரியவனுக்கு மூக்கு ஒழுகினால் அன்றைக்கு முத்தம் காலில் மட்டும். கக்குவான் இருமல் தடுப்பூசியைக் கர்ப்பத்தின் 27லிருந்து 36ஆவது வாரத்துக்குள் போட்டுக்கொண்டால் பிறக்கும் குழந்தைக்கும் பாதுகாப்பு போகும், முதல் கர்ப்பத்தில் போட்டிருந்தாலும் இந்தத் தடவையும் போட வேண்டும், டாக்டரிடம் கேளுங்கள். மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்துவிட்டால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

தாய்வீட்டுக்குப் போய்த்தான் பிரசவம் என்றால் என் சித்தி பெண் செய்ததைப் பாருங்கள். ஊரில் தெருமுனை அங்கன்வாடியில் மூன்று வயதுப் பெண்ணைக் காலையில் விட்டுவந்தாள். கட்டணம் கிடையாது, மதியச் சாப்பாடும் அங்கேயே. டீச்சர் அத்தைக்குத் தெரிந்தவர் என்பதால் நாலு நாளில் பழகிவிட்டாள்.

ஆபீஸ் விஷயம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 2017இல் சட்டம் திருத்தினார்கள், 26 வாரம் வந்ததும் அதில்தான். அதை நம்பி விடுப்பிலும் பெரியவனை அங்கே விடலாமா என்று கேட்டால், வேலைக்கு வருபவர்களின் குழந்தைக்குத்தான் இடம் என்று எச்ஆரில் சொல்லிவிட்டார்கள். உங்கள் இடத்தில் எப்படி என்று இப்போதே கேட்டு வையுங்கள். அந்த 26 வாரத்தில் எட்டு வாரம் வரைதான் பிரசவத்துக்கு முன்னால் எடுக்கலாம். நான் இரண்டு வாரம்தான் எடுத்தேன், மிச்சம் எல்லாம் பின்னால் தேவைப்பட்டது. தமிழ்நாடு அரசு வேலையில் இருப்பவர்களுக்கு 2021லிருந்து பன்னிரண்டு மாதம், அவர்கள் கணக்கு வேறு.

டே கேரில் இன்னொன்றையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள், குழந்தையை அழைத்துவர யார் யார் வருவார்கள் என்று, போட்டோவோடு. எனக்கு வலி எடுத்தது ஒரு புதன்கிழமை மதியம். கணவர் என்னோடு ஆஸ்பத்திரியில், அம்மா பஸ்ஸில் விழுப்புரம் தாண்டி வந்துகொண்டிருந்தார்கள். பெரியவனை அழைத்துவர எதிர்வீட்டு ஆன்ட்டி போனார், ஆம், அதே ஆன்ட்டிதான். பட்டியலில் பெயர் இல்லை, பிள்ளையை விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் செய்தது சரிதான். ஆனால் பிரசவ அறை வாசலில் நின்றபடி வீடியோ காலில் முகத்தைக் காட்டி, “நான்தாங்க அவன் அப்பா, அனுப்புங்க” என்று அவர் கெஞ்சியதை நர்ஸ்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள்.