முதல் கேமராவுக்குக் கடன் வேண்டாம்

புகைப்படக் கலை படிக்கச் சேரும் உங்கள் மகள் தொழில்முறை கேமராதான் வேண்டும் என்கிறார், கடன் வாங்கியாவது வாங்கித் தரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் அம்மா. அந்த விலை எதற்கென்று தெரிந்தால் உங்கள் மகளே ஒப்புக்கொள்வார்.

ஒரு பகுதி சென்சாருக்கு, அதாவது வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சில்லுக்கு. தொழில்முறை கேமராக்களில் பெரும்பாலும் இருக்கும் ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36 × 24 மி.மீ. ஆரம்பநிலைக் கேமராக்களில் பெரும்பாலும் இருக்கும் ஏபிஎஸ்-சி என்ற சிறிய சென்சாரைவிடப் பரப்பில் இரண்டு மடங்குக்கும் மேல். ஒரு சிலிக்கான் தகட்டில் பெரிய சென்சார்கள் குறைவாகவே கிடைக்கும். தகட்டில் சிறு குறை இருந்தாலும் பெரிய துண்டு முழுதும் வீண். அதனால்தான் விலை ஏறுகிறது. வெளிச்சம் குறைந்த இடத்தில் இதன் பலன் தெரியும். நல்ல வெளிச்சத்தில் எடுத்த இரண்டு படங்களை அருகருகே வைத்தால் வித்தியாசம் சொல்வது கடினம்.

மீதிப் பணம் உழைப்பைத் தாங்குவதற்கு. மெக்னீசியக் கலவையில் செய்த பாடி (லென்ஸ் நீங்கலான கேமரா உடல்), மழையும் தூசியும் புகாத காப்பு, ஒன்று பழுதானாலும் மற்றதில் படம் தங்கும்படி இரண்டு மெமரி கார்டு. நிக்கான் டி5 என்ற தொழில்முறை கேமராவின் ஷட்டர் (ஒவ்வொரு படத்துக்கும் திறந்து மூடும் திரை) 4 லட்சம் முறை இயங்கும்படி சோதிக்கப்பட்டது. திருமணமோ பந்தயமோ, மறுபடி நடக்காத ஒன்றை எடுத்துச் சம்பளம் வாங்குபவருக்கு இவை அவசியம். மாணவிக்கு இன்னும் அந்த நெருக்கடி இல்லை.

ஃபிலிம் கேமரா மலிவாயிற்றே என்றும் கேட்டிருந்தீர்கள். ஃபிலிமில் மலிவான பாடிக்கும் விலை உயர்ந்த பாடிக்கும் ஒரே ரோல்தான். லென்ஸ் நன்றாக இருந்தால் படமும் நன்றாக வரும். ஆனால் 36 படம் முடிந்ததும் அடுத்த ரோல், கழுவும் கூலி, ஸ்கேன் என்று செலவு தொடரும். கற்கும் காலத்தில் நூற்றுக்கணக்கில் தப்பாக எடுத்து, உடனே பார்த்துத் திருத்த வேண்டும். அதற்கு டிஜிட்டல்தான் சரி. பாடத்திட்டத்தில் ஃபிலிம் இருந்தால், கேமராவும் டார்க்ரூமும் (ஃபிலிம் கழுவும் இருட்டறை) கல்லூரியே தருமா என்று சேரும் முன் விசாரியுங்கள்.

1991-ல் கோடாக் தொழில்முறையாளர்களுக்கு விற்ற டிஜிட்டல் எஸ்எல்ஆர் (கண்ணாடி வழியே காட்சி பார்த்து எடுக்கும் கேமரா) வெறும் 1.3 மெகாபிக்சல். இன்று ஆரம்பநிலையிலேயே 24 மெகாபிக்சல் சாதாரணம். மேனுவல் மோடு (எல்லாவற்றையும் கையால் அமைப்பது), ரா ஃபைல் (பின்னர் திருத்த வசதியாக, சுருக்காமல் பதியும் படம்), லென்ஸ் மாற்றும் வசதி மூன்றும் உள்ள மிரர்லெஸ், அதாவது உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா ஒன்று போதும். செகண்ட் ஹேண்டாக வாங்கினால் ஷட்டர் எத்தனை முறை ஓடியிருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள்.

மிச்சமாகும் பணத்தில் அதிக வெளிச்சத்தை உள்ளே விடும் எஃப்/1.8 லென்ஸ் ஒன்று வாங்கிக் கொடுங்கள், 35 அல்லது 50 மி.மீ. பாடி சில வருடங்களில் மதிப்பிழக்கும், நல்ல லென்ஸ் நெடுநாள் கூட வரும். ஃபுல் ஃப்ரேமுக்கும் பொருந்தும் லென்ஸா என்று கேட்டு வாங்குங்கள். பின்னாளில் பாடியை மட்டும் மாற்றினால் போதும்.

வேலை வரத் தொடங்கும்போது பெரிய கேமராவை அன்றைக்கு மட்டும் வாடகைக்கு எடுக்கட்டும். மாதாமாதம் வாடகை கட்டும் அளவுக்கு வேலை கூடினால், அந்தச் சம்பாத்தியத்திலிருந்தே சொந்தமாக வாங்கலாம்.