பாஸ் புத்தகம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அலுவலகத்தில் தென்னாப்பிரிக்க நிறவெறி ஆட்சியைப் பற்றிப் பேச்சு வந்தது. "மண்டேலா சிறையிலிருந்து வந்தார், எல்லாரையும் மன்னித்தார், முடிந்தது" என்றார் ஒரு நண்பர். "அதெல்லாம் இல்லை, அமெரிக்கா பொருளாதாரத் தடை போட்டது, வெள்ளைக்காரன் பணிந்துவிட்டான்" என்றார் இன்னொருவர். எது சரி?

க., திருநெல்வேலி

அன்புள்ள க.,

இரண்டு பேருமே படத்தின் கிளைமாக்ஸுக்குத்தான் தியேட்டருக்குள் நுழைந்திருக்கிறார்கள். 1990 பிப்ரவரி 11 அன்று மண்டேலா வெளியே வந்தபோது, அந்த அமைப்பு நடுவில் முறிந்து ஏறக்குறைய நாலு வருடம் ஆகியிருந்தது. முறிந்த இடம் ஒரு சின்னப் புத்தகம்.

பாஸ் புத்தகம் என்றால் நமக்கு வங்கி ஞாபகம் வரும். அங்கே அது வேறு. 16 வயதான கறுப்பினத்தவர் எங்கே போனாலும் அதை வைத்திருக்க வேண்டும். உள்ளே புகைப்படம், வரி கட்டிய விவரம், மாதாமாதம் முதலாளியின் கையெழுத்து. தெருவில் போலீஸ்காரர் கேட்டு, அது சட்டைப்பையில் இல்லையென்றால் லாக்கப். 'டோம்பாஸ்' என்பார்கள், முட்டாள் பாஸ். இதைக் கொண்டுவந்த 1952ஆம் வருடச் சட்டத்தின் பெயர் என்ன தெரியுமா? பாஸ்களை ஒழிக்கும் சட்டம்! பழைய சீட்டுகளையெல்லாம் ஒழித்துவிட்டு ஒரே புத்தகமாகக் கட்டிக் கொடுத்தார்கள்.

யார் எந்த இனம் என்பதையும் அலுவலகம்தான் தீர்மானித்தது. 1950 மக்கள் பதிவுச் சட்டப்படி எல்லாரையும் வகை பிரித்தார்கள். சந்தேகம் வந்தால் தலைமுடியில் ஒரு பென்சிலைச் செருகிப் பார்ப்பார்கள். விழுந்தால் ஒரு இனம், சிக்கி நின்றால் வேறு இனம். ஒரே வீட்டில் அண்ணன் ஒரு பட்டியலிலும் தம்பி இன்னொன்றிலும் வந்ததுண்டு. ஜப்பானிய வியாபாரிகளுக்கோ 'கௌரவ வெள்ளையர்' என்று சலுகை. வியாபாரம் ஆயிற்றே.

இத்தனை காகிதம் எதற்கு? 1948இல் தேசியக் கட்சி ஜெயித்து நிறவெறியை அரசின் கொள்கையாக்குவதற்கு முன்பே இதன் அடித்தளம் போட்டாயிற்று. 1913 நிலச் சட்டம் கறுப்பர்களுக்கு நாட்டின் நிலத்தில் சுமார் 7 சதவீதத்தை ஒதுக்கியது, 1936இல் அது 13 ஆனது. அதில் பிழைக்க முடியாது, சுரங்கத்துக்கும் வெள்ளைக்காரர் வீட்டுச் சமையலறைக்கும் வந்துதான் ஆக வேண்டும். வரலாம், ஆனால் தங்கக் கூடாது. அந்த ஊரில் பிறந்திருக்க வேண்டும், அல்லது ஒரே முதலாளியிடம் 10 வருடம் வேலை செய்திருக்க வேண்டும். இப்படி ஏதாவது தகுதியோ அனுமதியோ இல்லாதவர் 72 மணி நேரத்துக்கு மேல் நகரத்தில் இருந்தால் குற்றம்.

இந்த அமைப்புக்கு அடியும் இந்தப் பாஸில்தான் விழுந்தது. 1960 மார்ச் 21, ஷார்ப்வில். ஜனங்கள் பாஸ் புத்தகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு, "எங்களைக் கைது செய்யுங்கள்" என்று காவல் நிலையத்தின் முன்னால் போய் நின்றார்கள். சுட்டார்கள், 69 பேர் செத்தார்கள். அப்புறம் 1973 டர்பன் வேலைநிறுத்தங்கள், 1976 சொவேட்டோ மாணவர் கிளர்ச்சி. இதற்கெல்லாம் நடுவே, சத்தமில்லாமல், ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பாஸ் இல்லாமலே நகரங்களுக்கு வந்து தகரக் கொட்டகை போட்டுக்கொண்டிருந்தன. பிடித்து அனுப்பினால் அடுத்த வாரம் திரும்பி வந்தார்கள். தொழிற்சாலைகளுக்கும் அவர்கள் வேண்டும். என்னைக் கேட்டால் பெரிய போராட்டம் இதுதான்.

நம்மவர்கள் கதை தனி. 1860 முதல் கரும்புத் தோட்டத்துக்குப் போன தமிழர், தெலுங்கரையெல்லாம் 1961 வரை அந்த அரசு வந்தேறிகளாகவே வைத்திருந்தது. 1984இல் இந்தியர்களுக்கென்று தனியாக ஒரு சபையை நீட்டினார்கள். கறுப்பர்களுக்கு ஒன்றுமில்லை. பதிவு செய்த இந்திய வாக்காளர்களில் சுமார் ஐந்தில் ஒருவர்தான் ஓட்டுப் போட்டார், மற்றவர்கள் போகவில்லை. அதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

பாஸ் சட்டங்கள் ரத்தானது 1986 ஜூலையில். ரத்து செய்தது ஜனாதிபதி போத்தாவின் அதே வெள்ளை அரசு. அமெரிக்க ஜனாதிபதி ரீகனின் வீட்டோவை மீறி அமெரிக்கத் தடைச் சட்டம் வந்தது அக்டோபரில். உங்கள் இரண்டாவது நண்பரிடம் இந்தத் தேதிகளைச் சொல்லுங்கள். முந்தைய வருடமே சேஸ் மன்ஹாட்டன் வங்கி கடனை நீட்டிக்க மறுத்ததில் ஆட்சி ஆடிப்போனது உண்மை. பணம் வலித்தது, மறுக்கவில்லை.

மண்டேலாவின் பங்கும் பெரிதுதான். 1990 முதல் 94 தேர்தல் வரை அத்தனை ரத்தத்துக்கு நடுவிலும் பேச்சுவார்த்தை முறியாமல் பார்த்துக்கொண்டார். ஆனால் முதல் நண்பருக்கு ஒரு படம் காட்டுங்கள், இணையத்தில் கிடைக்கும். ஷார்ப்வில் நடந்து ஒரு வாரம் ஆகியிருக்கிறது. மகான் ஆவதற்கு ரொம்ப முன்னால், நாற்பதைத் தாண்டிய வக்கீல் மண்டேலா, தன் பாஸ் புத்தகத்தைக் கொளுத்திக்கொண்டிருக்கிறார்.