திரைக்குப் பின்னால் இன்னொரு குரல்

அன்புள்ள ஐயா,

போன வாரம் என் மகளுக்கு 'சிங்கிங் இன் த ரெயின்' படத்தைப் போட்டுக் காட்டினேன். எண்பதுகளில் என் அப்பா வீடியோ கேசட்டை வாடகைக்கு எடுத்து வந்து எங்களுக்குக் காட்டிய படம். ஆங்கிலப் படம் என்றாலே அவருக்கு இந்த ஆடல் பாடல் படங்கள்தான். ஜீன் கெல்லி மழையில் ஆடும் இடம் வந்தால் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிடுவார். அவர் போய் மூன்று வருடம் ஆகிறது.

மகளுக்கும் படம் பிடித்திருந்தது. ஆனால் முடிந்ததும் கைபேசியில் எதையோ படித்துவிட்டு, "அம்மா, டெபி ரெனால்ட்ஸ் அதுல சொந்தமா பாடலையாம், வேற யாரோ பாடினதாம்" என்றாள். இன்னொருத்திக்காகத் திரைக்குப் பின்னால் நின்று பாடும் பெண்ணின் கதை அது. அந்தப் பெண்ணாக நடித்தவருக்கே வேறொருவர் பாடினார் என்றால் எப்படி? அன்று இரவு எனக்கு மனசே சரியில்லை. இது நிஜமா? நிஜம் என்றால் அப்பா அவ்வளவு கொண்டாடியதெல்லாம் பொய்தானா?

ஆர்.
கோவை

அன்புள்ள ஆர்.,

முதலில் அப்பாவைப் பற்றி. அவர் எழுந்து நின்ற இடத்தில் கடன் வாங்கியது எதுவும் இல்லை. அங்கே பாடும் குரல் ஜீன் கெல்லியுடையது, ஆடும் கால்களும் அவருடையவை. படமெடுத்தபோது அவருக்கு 103 டிகிரி காய்ச்சல். அந்த உடம்போடு நனைந்துகொண்டே விளக்குக் கம்பத்தில் தாவி ஏறுகிறார், தேங்கிய தண்ணீரில் குழந்தை மாதிரி குதிக்கிறார், போலீஸ்காரர் வந்து முறைத்ததும் குடையை வழியில் போகிறவரிடம் கொடுத்துவிட்டு நடக்கிறார். காய்ச்சலின் சுவடு முகத்தில் ஓரிடத்தில்கூடத் தெரியாது. உங்கள் அப்பா எழுந்து நின்றது சரியான இடத்தில்தான்.

இனி உங்கள் மகள் படித்தது. அதுவும் உண்மை. 1952-இல் வந்த அந்தப் படத்தில் டெபி ரெனால்ட்ஸின் கேத்தி, ஜீன் ஹேகன் நடித்த லீனா என்ற நட்சத்திரத்துக்காக மைக்கின் முன் நின்று 'வுட் யூ' என்ற பாட்டைப் பாடுவாள். அங்கே நாம் கேட்பது பெட்டி நாய்ஸ் என்ற பாடகியின் குரல். இன்னும் ஒன்று சொல்கிறேன். லீனாவின் வசனத்தை கேத்தி பேசிக்கொடுக்கும் காட்சியில் வரும் அழகான குரல் யாருடையது தெரியுமா? ஜீன் ஹேகனுடையதே. கீச்சுக் குரல் அவர் அந்தப் பாத்திரத்துக்காக உண்டாக்கிக்கொண்டது. கதையில் யாருக்குக் குரல் சரியில்லை என்று இத்தனை பாடும் நடக்கிறதோ, நிஜத்தில் அவரே தனக்குப் பேசிக்கொண்டிருக்கிறார்.

பெட்டி நாய்ஸின் பெயர் படத்தின் டைட்டிலில் கிடையாது. 1941-இல் டிஸ்னி எடுத்த 'டம்போ' படத்தில் தாய் யானை கம்பிகளுக்கு இடையே தும்பிக்கையை நீட்டிக் குட்டியைத் தாலாட்டுமே, அந்தப் பாட்டும் அவர் பாடியதுதான். பாட்டு ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. பாடியவர் பெயர் அங்கேயும் போடப்படவில்லை.

டெபி ரெனால்ட்ஸை மட்டும் தயவுசெய்து தவறாக நினைக்காதீர்கள். அப்போது அவருக்கு வயது 19. ஜிம்னாஸ்டிக்ஸ் தெரியும், நடனம் தெரியாது. சிறு வயதிலிருந்தே ஆடி வளர்ந்த கெல்லி, டொனால்ட் ஓகானர் இருவருக்கும் நடுவில் அவரை நிறுத்திவிட்டார்கள். 'குட் மார்னிங்' பாட்டை அவர் சொந்தக் குரலில் பாடினார். அதன் ஆட்டத்தைக் காலை எட்டு மணிக்குத் தொடங்கி இரவு பதினொரு மணி வரை எடுத்தார்கள். முடிந்தபோது அவர் கால்களில் ரத்தம். ஒருநாள் ஒத்திகை தாங்காமல் ஒரு பியானோவுக்கு அடியில் ஒளிந்து அழுதுகொண்டிருந்தாராம். அந்தப் பக்கம் வந்த ஃப்ரெட் ஆஸ்டேர் அவரை எழுப்பித் தன் ஒத்திகையைப் பார்க்க அழைத்துப் போயிருக்கிறார். முகமெல்லாம் சிவந்து வியர்த்து, அவ்வளவு பெரிய ஆட்டக்காரரும் அப்படித்தான் படாதபாடு படுகிறார் என்று அன்று தெரிந்தது என்று டெபியே பின்னாளில் சொன்னார். அடுத்த முறை பார்க்கும்போது, மூவரும் சோபாவின் மேல் ஏறி அதைச் சாய்த்துவிட்டு இறங்கும் இடத்தில் அவர் முகத்தை மட்டும் பாருங்கள். அந்தச் சிரிப்புக்கு அவர் கொடுத்த விலை அது.

ஆஸ்டேர் பெயர் வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். தலை முதல் பாதம் வரை முழு உருவமும் தெரிய வேண்டும், நடுவில் வெட்டுகள் முடிந்தவரை இருக்கக் கூடாது என்று தன் நடனங்களுக்கு அவர் கறாராக நிபந்தனை வைத்தார். அப்படி எடுத்தால் ஒளிக்க இடமில்லை. ஜிஞ்சர் ராஜர்ஸோடு அவர் சேர்ந்து ஆடிய பத்துப் படங்களிலும் நமக்குக் கிடைப்பது அந்த நேர்மைதான். 1936-இன் 'ஸ்விங் டைம்' படத்தில் ஒரு நடனத்தை நாற்பதுக்கும் மேற்பட்ட டேக்குகள் எடுத்து, ஜிஞ்சரின் காலிலும் ரத்தம் வந்தது.

அப்புறம் நிக்கலஸ் சகோதரர்கள். 1943-இன் 'ஸ்டார்மி வெதர்' படத்தில், கேப் காலவேயின் வாத்தியக் குழுவுக்கு நடுவே, பியானோ மேல் ஏறி இறங்கி, கடைசியில் பெரிய படிகளில் ஒருவர் தலைக்கு மேல் ஒருவர் தாண்டி, ஒவ்வொரு படியிலும் கால்களை இருபுறமும் விரித்து விழுந்து, கையை ஊன்றாமல் எழுவார்கள். அண்ணன் ஃபயார்ட் எந்தப் பள்ளியிலும் நடனம் படித்தவர் இல்லை. பெற்றோர் வாத்தியம் வாசித்த அரங்கத்தில் உட்கார்ந்து பார்த்தே கற்றுக்கொண்டவர், தம்பி ஹரால்டுக்கும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். தான் பார்த்ததிலேயே மிகச் சிறந்த நடனக் காட்சி அதுதான் என்று ஆஸ்டேர் சொன்னார். ஆனால் கறுப்பினத்தவர் என்பதால் அவர்களுக்குப் படம் முழுக்க வரும் வேடங்கள் கிடைக்கவில்லை. அதே படத்தில் நடித்த கறுப்பினப் பாடகி லீனா ஹார்னுக்கு எம்ஜிஎம் ஸ்டுடியோவின் படங்களில் கதையோடு ஒட்டாத தனிப் பாட்டுகளாகக் கொடுத்தார்கள். அமெரிக்கத் தென் மாநிலத் தியேட்டர்களில் அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்துவிட வசதியாக. எனக்கு இந்தப் படங்கள் மேல் எவ்வளவு பிரியம் இருந்தாலும், இதை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

சரி, குரலுக்கு வருகிறேன். பாட்டை முதலில் பதிவு செய்துவிட்டு அதற்கு வாயசைத்துப் படமெடுக்கும் முறையே ஹாலிவுட்டில்தான் பிறந்தது. 1929-இல் எம்ஜிஎம் எடுத்த 'தி பிராட்வே மெலடி' படத்தில் ஒரு நடனக் காட்சியைத் திரும்ப எடுக்க வேண்டி வந்தது. பாட்டுப் பதிவு நன்றாகத்தானே இருக்கிறது, அதை ஓடவிட்டுப் படத்தை மட்டும் எடுத்தால் போதும் என்றார் ஒலிப்பதிவாளர் டக்ளஸ் ஷியரர். அந்தப் பாட்டை எழுதிய ஆர்தர் ஃப்ரீட்தான் பிறகு 'சிங்கிங் இன் த ரெயின்' படத்தின் தயாரிப்பாளர்.

அந்த முறையில்தான் நாம் இன்றுவரை படமெடுக்கிறோம். சிவாஜி வாயசைக்க டி.எம்.எஸ். பாடினார், நாம் யாராவது ஏமாந்தோமா? ரேடியோவில் பாட்டுக்கு முன்னால் பி. சுசீலா என்று பெயரைச் சொல்லித்தானே போட்டார்கள். குரல் ஒருவர், முகம் ஒருவர் என்பதில் நமக்கு எந்தக் குழப்பமும் இருந்ததில்லை. அங்கே அதை மறைத்தார்கள். உங்கள் மனசைக் கஷ்டப்படுத்தியது அந்த மறைப்புதான் என்று நினைக்கிறேன். அது நியாயமான வருத்தம்.

மார்னி நிக்சன் என்று ஒருவர். 'தி கிங் அண்ட் ஐ' படத்தில் டெபரா கெருக்கும், 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் நாட்டலி வுட்டுக்கும், 'மை ஃபேர் லேடி'யில் பெரும்பாலான இடங்களில் ஆட்ரி ஹெப்பர்னுக்கும் பாடியவர். மூன்றிலும் டைட்டிலில் பெயர் இல்லை. முதல் படத்தின்போது, வெளியே சொன்னால் இந்த ஊரில் உனக்கு வேலை இருக்காது என்று மிரட்டப்பட்டதாக அவர் பின்னாளில் சொன்னார். உண்மையை வெளியே சொன்னது டெபரா கெர். தனக்காகப் பாடியவரின் பெயரை ஒரு நட்சத்திரம் தானே முன்வந்து சொன்னார், அந்த ஒன்றுக்காகவே அவர்மேல் எனக்குத் தனி மரியாதை. 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' இசைத்தட்டு வருமானத்தில் மார்னிக்குப் பங்கு தர மறுத்தபோது, இசையமைப்பாளர் லியனார்ட் பெர்ன்ஸ்டைன் தன் பங்கிலிருந்து கால் சதவீதத்தைக் கொடுத்தார். டெபி ரெனால்ட்ஸும் மார்னியும் 2016-இல், சில மாத இடைவெளியில் இறந்துபோனார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகளோடு 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' பாருங்கள். ஆரம்பத்தில் மடத்தில் கன்னியாஸ்திரிகள் கூடி மரியாவைப் பற்றிக் குறைப்பட்டுப் பாடுவார்கள். அவர்களில் சிஸ்டர் சோஃபியாவாக வருபவர் மார்னி நிக்சன். முகமும் அவருடையது, குரலும் அவருடையது. முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். பாட்டு முடிந்ததும் படத்தை நிறுத்தி, அவர் யார் என்று மகளிடம் சொல்லுங்கள்.