நாட்கூலிக்கு ஏறிய பெடியன் விழுந்தால் யார் பொறுப்பு?

திருகோணமலையில் மரம் வெட்டும் தொழில் செய்கிற ஒருவர் எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், சுருக்கிச் சொல்கிறேன். மூன்று நான்கு பேரை வைத்து வேலை செய்பவர். மாரி தொடங்க முன்னர் உப்புவெளியில் விருந்தினர் விடுதி வைத்திருக்கும் ஒருவர் போனில் கூப்பிட்டு, பக்கத்து வளவுக்குள் சாய்ந்து நின்ற பெரிய வேம்பைத் தறித்துத் தரச் சொல்லியிருக்கிறார். பேசியது 85,000 ரூபாய், முற்பணம் 20,000, எழுத்தில் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் ஒரு கொப்பு பக்கத்து வீட்டு மதிலிலும் கூரைச் சீற்றிலும் விழுந்து இரண்டையும் உடைத்துவிட்டது. அன்று பின்னேரமே மேலே ஏறிய பெடியன் விழுந்து கால் முறிந்தது. எப்படியோ வேலையை முடித்துக் கொடுத்துவிட்டார். இப்போது கேட்கிறார்:

"சேர், மிச்சம் 65,000ஐ மதிலுக்குக் கழிச்சிட்டன் எண்டு விடுதிக்காரர் சொல்றார், என்ர காசை எப்படி எடுக்கிறது? மதிலை நான்தான் கட்டிக் குடுக்கோணுமா? பெடியன் நாட்கூலிக்கு வந்தவன், பதிவு ஒண்டும் இல்லை. 15,000 குடுத்து 'இனி ஒண்டும் கேக்கமாட்டன்' எண்டு கையெழுத்து வாங்கினா போதுந்தானே? பின்வளவில நிக்கிற பலாவையும் தறிச்சுத் தந்தா முழுக்காசும் தாறன் எண்டுறார், செய்யலாமா?"

நீங்கள் கேட்ட வரிசையில் பதில் சொல்லப் போவதில்லை. உங்களுக்கு 65,000 ரூபாய்தான் பெரிதாகத் தெரிகிறது, ஆனால் உங்களைக் கவிழ்க்கக்கூடியது அந்தப் பெடியனின் கால். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கடிதம் முழுக்க உங்களை "நானும் ஒரு கூலிக்காரன்தானே சேர்" என்று எழுதியிருக்கிறீர்கள். விடுதிக்காரருக்கு முன்னால் அது சரியாக இருக்கலாம். மரத்தில் ஏறிய பெடியனுக்கு நீங்கள் முதலாளி. யார் அவரை வேலைக்குக் கூப்பிட்டது, யார் கூலி பேசியது, எந்தக் கொப்பை முதலில் வெட்ட வேண்டும் என்று யார் சொன்னது, வாளும் கயிறும் யாருடையவை? எல்லாவற்றுக்கும் பதில் நீங்கள்தான். 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் பார்ப்பதும் இதைத்தான். நியமனக் கடிதம் இல்லை, நாட்கூலி, வாய்ப்பேச்சு என்பதெல்லாம் அங்கே எடுபடாது. உங்கள் தொழிலுக்காக ஒருவரை வேலைக்கு வைத்தீர்கள், அந்த வேலையைச் செய்யும்போது, அந்த வேலையால் அவருக்கு விபத்து நடந்தது, நட்டஈடு உங்கள் பொறுப்பு. உங்கள் பிழையால் விழுந்தாரா என்று நிரூபிக்க வேண்டிய தேவைகூட அவருக்கு இல்லை.

"அவன் பெல்ட் போடாமல் ஏறினான்" என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, பெல்ட் இருந்ததா? பாதுகாப்புக்கென்று கொடுத்த ஒன்றை வேலையாள் வேண்டுமென்றே ஒதுக்கினார், அல்லது குடித்துவிட்டு ஏறினார் என்றால் முதலாளி தப்பிக்கச் சட்டத்தில் ஒரு கதவு இருக்கிறது. ஆனால் உங்கள் கடிதத்தின் இன்னொரு இடத்தில் "எங்கட ஆக்கள் இடுப்பில நைலோன் கயிறுதான் சேர் கட்டுறது" என்றும் இருக்கிறது. கொடுக்காத பெல்ட்டை அவர் போடவில்லை என்று எந்த அதிகாரியிடமும் போய்ச் சொல்லாதீர்கள், அது உங்களுக்கு எதிரான சாட்சியாகத்தான் முடியும்.

அந்த 15,000 ரூபாய்க் கடதாசி வேண்டவே வேண்டாம். நட்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று வேலையாள் எழுதிக் கொடுப்பது இந்தச் சட்டத்தின்முன் செல்லாது. வைத்தியசாலைக் கட்டிலில் கிடக்கிறவரிடம் கையெழுத்து வாங்கிய முதலாளி என்ற பெயர் மட்டும்தான் மிஞ்சும். கொடுக்கிற காசைக் கொடுங்கள், கட்டாயம் கொடுங்கள், எந்தத் திகதியில் எதற்காக எவ்வளவு கொடுத்தீர்கள் என்று எழுதி அதற்கு மட்டும் கையொப்பம் வாங்குங்கள். மொத்தமாக ஒரு தொகைக்கு இணங்குவதென்றால் அதை நட்டஈட்டு ஆணையாளர் முன் கொண்டுபோய்ப் பதிந்து முடியுங்கள். தொகை எவ்வளவு வரும் என்பது அவருடைய சம்பளத்தையும், கால் எந்த அளவுக்குத் தேறுகிறது என்ற மருத்துவ மதிப்பீட்டையும் பொறுத்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் உச்சத் தொகையை 20 இலட்சத்துக்குக் கொண்டுபோய்விட்டது, வேலைக்குப் போய்வரும் வழியில் நடக்கும் விபத்தையும் உள்ளே சேர்த்துவிட்டது. உங்கள் லாண்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு இயந்திரம்) பெட்டியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு சாம்பல்தீவுக்கும் நிலாவெளிக்கும் ஓடுகிறீர்களே, அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். கோரிக்கை வைக்க அவருக்கு விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு வருடம் இருக்கிறது. இன்றைக்குப் பேசாமல் இருக்கிறார் என்பதற்காக விட்டுவிட்டார் என்று நினைக்காதீர்கள்.

விடுதிக்காரரை இதற்குள் இழுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் முடியாது. ஒரு கம்பனி தன் சொந்தத் தொழிலின் ஒரு பகுதியை உங்களிடம் கொந்தராத்துக்கு விட்டிருந்தால் நிலைமை வேறு. விடுதி நடத்துவது அவர் தொழில், மரம் தறிப்பது அல்ல.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. ஒரே ஆட்கள் மாதக்கணக்காக உங்களோடு வருகிறார்கள் என்றால் ஊழியர் சேமலாப நிதியும் கட்ட வேண்டும். ஒருவரை வைத்திருந்தாலும் பொருந்தும், நாட்கூலி என்பது விலக்கு அல்ல. சம்பளத்தில் முதலாளி 12 வீதம், ஊழியர் 8, அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு உங்கள் பக்கத்திலிருந்து 3. இதைச் சொன்னால் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள், தெரியும். நீங்கள் 85,000 சொன்னால் 60,000க்குச் செய்கிறேன் என்று கிண்ணியாவிலிருந்தோ தம்பலகாமத்திலிருந்தோ ஒருவர் வந்து நிற்பார். அவருடைய விலையில் பெல்ட் இல்லை, காப்புறுதி இல்லை, சேமலாப நிதி இல்லை, உடைந்த மதில் இல்லை. ஆனால் உங்கள் விலையிலும் அவை இருக்கவில்லையே. வேலையாட்கள் நட்டஈட்டுக்கான காப்புறுதி, பிறர் சொத்துச் சேதத்துக்கான காப்புறுதி இரண்டையும் காப்புறுதிக் கம்பனிகள் விற்கின்றன. கட்டணத்தை விசாரித்து, அதையும் போட்டு விலை சொல்லிப் பழகுங்கள், சில வேலைகள் கைவிட்டுப் போகும், போகட்டும்.

அடுத்தது மதில். கொந்தராத்துக்கு வேலை எடுத்தவர் கவனயீனமாகச் செய்து மூன்றாவது ஆளின் சொத்தை உடைத்தால் பொறுப்பு அவருடையது, வேலையைக் கொடுத்தவருடையது அல்ல என்பதுதான் பொது விதி. அந்த விதிப்படி நீங்கள்தான் மாட்டுப்படுவீர்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: விடுதிக்காரர் கீழே நின்று "கயிறு கட்டிக்கொண்டு நேரத்தைப் போக்காதே, வெள்ளைக்காரர் வந்து நிக்கினம், அப்படியே விழுத்து" என்று சத்தம் போட்டார் என்று. இது மிக முக்கியம். கொப்பைக் கயிற்றில் கட்டி இறக்காமல் விழுத்தச் சொன்னது அவர் என்றால் அவர் வெறும் வேலை கொடுத்தவர் இல்லை, சேதத்தில் அவருக்கும் பங்கு இருக்கிறது. 1968ஆம் ஆண்டில் வந்த ஒரு சட்டம், ஒரே சேதத்துக்குப் பலர் காரணமாக இருந்தால் அவர்களுக்கிடையில் பொறுப்பைப் பங்கிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் கொடுக்கிறது. அதற்காக முழுதும் தப்பிவிடலாம் என்று நினைக்க வேண்டாம், தொழில் தெரிந்தவர் நீங்கள், முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் அப்படிச் சத்தம் போட்டதைக் கேட்ட ஆட்கள் யார் என்று இப்போதே பெயர்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் பொலிஸுக்குப் போனால் போகட்டும், வேண்டுமென்று உடைக்காத மதிலுக்காக உங்களை மறியலில் போடமாட்டார்கள், பெரும்பாலும் இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுப் பேசச் சொல்வார்கள். அதற்கு முன் நீங்களே ஒரு மேசனைக் கூட்டிக்கொண்டு போய் எவ்வளவு முடியும் என்று எழுத்தில் எடுங்கள். படமும் எடுங்கள். அந்த மதில் ஏற்கெனவே வெடித்து நின்றதா, சீற் எத்தனை வருடப் பழசு என்பதெல்லாம் தொகையைக் குறைக்கும். உடைந்ததற்கு ஈடு, அவ்வளவுதான், புது மதில் கட்டிக் கொடுக்கும் கடமை கிடையாது.

இப்போது உங்கள் 65,000. மதிலுக்குக் கழித்துவிட்டேன் என்கிறாரே, அந்த மதில் யாருடையது? பக்கத்து வீட்டுக்காரருக்கு விடுதிக்காரர் ஒரு சதம் கொடுத்திருக்கிறாரா? கொடுக்கவில்லை என்றால் வேறொருவருக்கு நீங்கள் கொடுக்க வேண்டியதாகச் சொல்லப்படும் காசைத் தன் பைக்குள் வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை. நாளைக்குப் பக்கத்து வீட்டுக்காரரும் உங்களிடம் கேட்பார், அப்போது ஒரே மதிலுக்கு இரண்டு தரம் கட்டுவீர்கள். வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் ஒப்பந்தந்தான், முற்பணம் கொடுத்தார், மரம் இப்போது அங்கே இல்லை, இரண்டையும் அவரால் மறுக்க முடியாது. வாட்ஸ்அப்பில் "மிச்சத்தை முடிஞ்ச பிறகு தாறன்" என்று குரல் பதிவு வந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், போனை மாற்றினாலும் அதை அழியவிடாதீர்கள். 2006ஆம் ஆண்டு மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டத்துக்குப் பிறகு அப்படியான செய்திகளைச் சாட்சியாக வைப்பது புதுமையில்லை.

ஆனால் காலம் கவனம். 1871ஆம் ஆண்டின் பழைய கட்டளைச் சட்டம் ஒன்று இன்னும் நடைமுறையில் இருக்கிறது, செய்த வேலைக்கான கூலியை வழக்கில் கேட்க அது தருவது காசு சேர வேண்டிய நாளிலிருந்து ஒரே ஒரு வருடம். எழுதாத ஒப்பந்தத்துக்கு மூன்று வருடம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள், அந்த வாதத்தை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். முதலில் ஒரு கோரிக்கைக் கடிதம் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், பதினான்கு நாள் கொடுங்கள். தரவில்லை என்றால் மத்தியஸ்த சபை. இந்த அளவுத் தொகைக்கு அங்கே போய், இணக்கம் வரவில்லை என்ற சான்றிதழ் எடுக்காமல் நீதிமன்றம் வழக்கை எடுக்காது. பக்கத்து வீட்டுக்காரரையும் அங்கேயே கூப்பிட்டு மூன்று பேரும் இருந்து பேசினால் மதிலும் கூலியும் ஒரே நாளில் முடிய நல்ல வாய்ப்பு இருக்கிறது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் மதிலில் பாதியை ஏற்றுக்கொண்டு மிச்சக் காசைக் கையில் வாங்கிக்கொண்டு வருவேன், ஏனென்றால் அந்தக் காசு பெடியனுக்குத் தேவைப்படப் போகிறது.

கடைசியாகப் பலா. செய்யாதீர்கள். பலா, ஈரப்பலா, பெண் பனை இவற்றைத் தறிக்க 1951ஆம் ஆண்டின் மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் அனுமதி வேண்டும். சொந்தக் காணியில் நின்றாலும் வேண்டும், பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்க வேண்டியவர் காணிக்காரர். அனுமதி இல்லாமல் தறித்தால் மாட்டுப்படுவது வாளோடு நிற்கிற நீங்களுந்தான், "அவர் சொன்னார் நான் வெட்டினேன்" என்பது நீதவானிடம் எடுபடாது. மரக்குற்றியை ஏற்றிக்கொண்டு றோட்டுக்கு வந்தால் அடுத்த பிரச்சினை, அனுமதிப்பத்திரம் தேவையான மரத்தை அது இல்லாமல் ஏற்றினால் வாகனமே அரசுடைமையாகப் போகலாம், லாண்ட்மாஸ்டர் யாருடையது என்று உங்களுக்குத் தெரியும். கொப்பு மட்டும் வெட்டச் சொன்னாலும் கிராம உத்தியோகத்தரிடம் கேட்டுவிட்டுக் கை வையுங்கள். அனுமதி கையில் வந்த பிறகு அந்த வேலையைத் தனி விலைக்கு, தனிக் கடதாசியில் பேசுங்கள், பழைய 65,000ஐ அதோடு கட்டிப்போட விடாதீர்கள்.